தன்னைத் தானே சுட்டும் எண்வரிசைகள்: துவிதக் குறியீட்டை முன்வைத்து ஒரு விளக்கம்

1. வினா

இலக்கியப் பிரதி தன்னையன்றிப் பிறிதொன்றையும் சுட்டுவதில்லை என்னும் கருத்து நமது விமர்சன அரங்குகளில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பெயர்களோடு எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளது. இக்கருத்தினர் தமது வாதத்திற்கு அரணாகச் சில வேளைகளிற் கணிதத்தையும் துணைக்கழைப்பர். புற உலகோடு தொடர்பேதுமின்றித் தன் விதிகளாலேயே தன்னைப் படைத்துக்கொள்ளும் தூய வடிவம் கணிதத்திலே உண்டெனின், இலக்கியத்தில் அஃது ஏன் இருத்தல் கூடாது என்பது அவர்தம் வினாவாகும். இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் எளிது. ஆயின், எள்ளல் விடையாகாது. கணிதத்தில் அத்தகைய வடிவமெனக் காட்டப்படும் ஒன்றை எடுத்து, அது மெய்யாகவே தன்னைத் தானே படைத்துக்கொள்கிறதா என நுணுகி நோக்குதலே நேர்மையான வழியாகும். இக்கட்டுரை அவ்வழியிற் செல்லும் ஒரு முயற்சி. கூட்டலும் இரட்டித்தலும் தெரிந்த எவரும் இதனைத் தொடர்ந்து செல்லலாம்.

தன்னைச் சுட்டுதல் என்பதன் பொருளை முதலில் வரையறுத்துக் கொள்வோம். "இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன" என்பது ஒரு வாக்கியம். எண்ணிப் பார்ப்பின் அதன் கூற்று மெய்யே. ஐந்து என்னுமிடத்தில் ஆறு என எழுதினால் அது பொய்யாகிவிடும். இவ்வாக்கியத்தின் மெய்ம்மையை அறிய நாம் அதற்கு வெளியே செல்ல வேண்டியதில்லை என்றே முதற்பார்வையிற் தோன்றும். ஆயின், "இந்த வாக்கியத்தில்" என்பதனை "இவ்வாக்கியத்தில்" எனப் புணர்த்தெழுதினால் சொற்கள் நான்காகி, அதே கூற்றுப் பொய்யாகின்றது. சொற்களுக்கிடையே இடம்விட்டெழுதாத ஏட்டுச்சுவடி மரபில் இவ்வினாவை இவ்வாறு எழுப்புவதே அரிதாகும். தன்னை மட்டுமே சுட்டுவதாகத் தோன்றிய வாக்கியம், அச்சு மரபு நிலைநிறுத்திய எழுத்து வழக்கொன்றின் மீது நிற்பதைக் காண்கிறோம். எண்வரிசைகளின் நிலை யாது என்பதே இனி நாம் ஆராய வேண்டியது.

2. துவிதக் குறியீடு

நாம் வழக்கமாக எண்களைப் பத்து இலக்கங்களைக் கொண்டு எழுதுகின்றோம். 0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்டும் எல்லா எண்களையும் எழுதவியலும். இதுவே துவிதக் குறியீடு. இங்கு ஒவ்வோரிடமும் தனக்கு வலப்புறமுள்ள இடத்தைப் போல் இரு மடங்கு பெறுமதி உடையது. ஆகவே இரண்டு 10 எனவும், மூன்று 11 எனவும், நான்கு 100 எனவும், ஐந்து 101 எனவும், ஆறு 110 எனவும், ஏழு 111 எனவும் எழுதப்படும். ஓர் எண்ணை இரட்டித்தால் அதன் துவித வடிவின் ஈற்றில் ஒரு 0 சேரும். இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் ஈற்றில் ஒரு 1 சேரும். மூன்று 11 ஆதலின் ஆறு 110, ஏழு 111 ஆயின. இவ்வொரு செய்தி மனத்திலிருப்பின் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

தமிழ் யாப்பினைக் கற்றோர்க்கு இவ்வமைப்பு முற்றிலும் புதியதன்று. நேர், நிரை என்னும் ஈரசைகளே சீர்களின் அடிப்படை. ஓரசைச்சீர் இரண்டு, ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு என யாப்பருங்கலக் காரிகை வழிவந்த மரபு கணக்கிடுகிறது. நேரினை 0 எனவும் நிரையினை 1 எனவும் கொள்ளின் தேமா 00, கூவிளம் 01, புளிமா 10, கருவிளம் 11 ஆகும். வடமொழி யாப்பிலும் பிங்கலரின் சந்தஸ் சூத்திரம் குறில் நெடில்களாலாகிய அமைப்புகளை ஒழுங்குபட விரித்துக் காட்டுவதோடு, இத்தனையாவது அமைப்பு எது என்பதை மீண்டும் மீண்டும் பாதியாக்கிக் கண்டறியும் விதியையும் தருகிறது.

இச்செய்திகளைக் கொண்டு கணினியை நம் முன்னோரே அறிந்திருந்தனர் என முழங்குவோரும் உளர். அது வரலாற்றறிவின்மை. யாப்பிலக்கணிகளின் நோக்கம் செய்யுளின் வகைகளை வரையறுத்தலேயாகும். துவித இலக்கங்களாற் கூட்டலும் பெருக்கலும் செய்தல் அவர்தம் தேவையாக இருக்கவில்லை. அன்றியும், இரண்டு என்னும் எண்ணிக்கை தமிழ் யாப்பிலே தொடக்கந்தொட்டு நிலைபெற்றிருந்ததன்று. தொல்காப்பியச் செய்யுளியல் நேர், நிரை என்பவற்றோடு நேர்பு, நிரைபு என்பவற்றையும் கூட்டி நான்கு அசைகளைக் கூறுகிறது. பிற்கால யாப்பியலாரே அவற்றை இரண்டாகச் சுருக்கினர். இயற்கையானது என நாம் கொள்ளும் இருமை, ஈண்டு ஒரு வரலாற்றின் விளைவாக இருப்பது மனங்கொள்ளத்தக்கது.

3. தன்னைக் கேட்டுத் தன்னை எழுதும் வரிசை

துவித வடிவில் 1 என்னும் இலக்கம் எத்தனை முறை வருகிறது என்பதைக் கொண்டு எண்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒற்றைத் தடவை வருவனவற்றை ஒற்றை வகை எனவும், இரட்டைத் தடவை வருவனவற்றை இரட்டை வகை எனவும் கொள்வோம். பூச்சியத்தில் 1 ஒருமுறையேனும் வாராமையால் அஃது இரட்டை வகையைச் சாரும். பதினைந்து வரையுள்ள எண்களைப் பிரித்தால் பின்வருமாறு அமையும்:

ஒற்றை வகை: 1, 2, 4, 7, 8, 11, 13, 14
இரட்டை வகை: 0, 3, 5, 6, 9, 10, 12, 15

ஒற்றை வகையினை ஒரு வரிசையாகக் கொண்டு, அதன் இடங்களை 0, 1, 2, 3 எனப் பூச்சியத்திலிருந்து எண்ணுவோம். 0ஆம் இடத்தில் 1, 1ஆம் இடத்தில் 2, 2ஆம் இடத்தில் 4, 3ஆம் இடத்தில் 7 உள்ளன. இனி இவ்வரிசையின் வியப்புக்குரிய இயல்பினைக் காண்போம். ஓர் இடத்தின் எண் இவ்வரிசையின் உறுப்பாயின், அவ்விடத்தில் நிற்பது அவ்வெண்ணின் இரு மடங்கு. உறுப்பன்றெனின், அங்கு நிற்பது இரு மடங்கோடு ஒன்று. 4 இவ்வரிசையில் உண்டு. ஆதலின் 4ஆம் இடத்தில் 8 நிற்கிறது. 5 இவ்வரிசையில் இல்லை. ஆதலின் 5ஆம் இடத்தில் 11 நிற்கிறது.

இது தற்செயலன்று. எந்த எண்ணை எடுத்தாலும் அதன் இரு மடங்கு, இரு மடங்கோடு ஒன்று ஆகிய இரண்டும் ஓர் இணை. முன்னதில் ஒரு 0வும் பின்னதில் ஒரு 1உம் புதிதாகச் சேர்கின்றன. ஆதலின் அவ்விணையில் ஒன்றே ஒற்றை வகையைச் சார முடியும். இணைக்கு ஒன்றாக எடுத்துச் செல்வதால், ஒவ்வோரிடத்துக்கும் உரிய உறுப்பு அவ்விட எண்ணின் இணையிலிருந்தே வந்தாதல் வேண்டும். இட எண் தானே ஒற்றை வகையாயின் 0 சேர்வதால் வகை மாறாது. எனவே இரு மடங்கே உறுப்பாகும். இட எண் இரட்டை வகையாயின் 1 சேர்ந்தே வகை மாற வேண்டும். எனவே இரு மடங்கோடு ஒன்றே உறுப்பாகும்.

ஆகவே இவ்வரிசையை எழுதிச் செல்வதற்குத் துவித இலக்கங்களையே நாம் மறந்துவிடலாம். அடுத்த இடத்தில் எதனை எழுதுவது எனத் தீர்மானிக்க, வரிசை தன்னையே நோக்கி, இவ்விட எண் என்னுள் இருக்கின்றதா என வினவுகிறது. தான் பெற்ற விடையின்படி வளர்கிறது. இதிலிருந்து மற்றுமொரு பண்பும் உடன் பெறப்படும். வரிசையின் உறுப்பொன்றை எடுத்து அதனையே இட எண்ணாகக் கொண்டு பார்த்தால், ஆங்கு நிற்பது எப்போதும் அவ்வுறுப்பின் இரு மடங்காகும். 7ஆம் இடத்தில் 14 நிற்பது காண்க.

இத்தகைய வரிசைகள் அண்மைக்கால ஆய்வில் தனிக் கவனம் பெற்றுள்ளன. ஆங்கிலத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்து தன்னுள் எவ்வெவ்விடங்களில் வருகின்றது என்பதைத் தானே அடுக்கிச் சொல்லிச் செல்லும் வாக்கியமொன்று உண்டு. ஆரன்சன் வாக்கியம் என அஃது அறியப்படும். அதற்கு ஒப்பான எண்வரிசைகளை பெனுவா குளுவாத்ர், நீல் ஸ்லோன், மத்தியூ வன்டர்மாஸ்ற் ஆகிய மூவரும் 2003இல் வெளியான கட்டுரையொன்றில் ஆராய்ந்தனர். ஓர் எண் வரிசையின் உறுப்பாதலும், அவ்வெண்ணுக்குரிய இடத்தில் நிற்பது ஒற்றை எண்ணாதலும் ஒன்றையொன்று நிர்ணயிக்கும் வரிசை அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று.

4. பூச்சியத்தின் முன்

இதுவரை கூறியன வடிவவாதிகளின் கட்சிக்கு வலுச் சேர்ப்பனவாகத் தோன்றலாம். தன்னைக் கேட்டுத் தன்னை எழுதும் வரிசையொன்று நம் கண்முன் நிற்கிறதன்றோ? ஆயின், அவ்வரிசையின் முதல் இடத்தை இன்னும் நாம் நுணுகி நோக்கவில்லை.

0ஆம் இடத்தில் எதனை எழுதுவது? விதி கூறுகிறது: 0 வரிசையின் உறுப்பாயின் அதன் இரு மடங்கை, அதாவது 0வை எழுதுக, உறுப்பன்றெனின் 1ஐ எழுதுக. 0 உறுப்பன்று எனக் கொள்வோம். அப்பொழுது 1ஐ எழுதுவோம். வரிசை 1இலிருந்து தொடங்குதலால் 0 உறுப்பன்று என்பதும் மெய்யாகிறது. மாறாக, 0 உறுப்பே எனக் கொள்வோம். அப்பொழுது 0வை எழுதுவோம். 0 உறுப்பென்பதும் மெய்யாகிறது. இரு விடைகளுள் எதிலும் முரண்பாடு இல்லை. விதி இரண்டையும் ஒருங்கே ஏற்கிறது. இரண்டுள் ஒன்றைத் தேர அதனால் இயலவில்லை.

இரண்டாம் விடையைத் தொடர்ந்து செல்வோம். 0ஆம் இடத்தில் 0. 1 உறுப்பாக இயலாது; ஏனெனில் 1ஆம் இடத்தில் வரக்கூடியன 2 அல்லது 3. ஆகவே அவ்விடத்தில் 3. 2 உறுப்பன்று, ஆகவே 2ஆம் இடத்தில் 5. 3 உறுப்பு, ஆகவே 3ஆம் இடத்தில் 6. 4 உறுப்பன்று, ஆகவே 4ஆம் இடத்தில் 9. இவ்வாறு பெறப்படுவது 0, 3, 5, 6, 9, 10, 12, 15 என்னும் இரட்டை வகை வரிசையே. ஒற்றை வகை எந்த விதிக்குக் கட்டுப்படுகிறதோ, எழுத்துப் பிசகாது அதே விதிக்கு இரட்டை வகையும் கட்டுப்படுகிறது. இரண்டிற்கும் பொதுவான உறுப்பு ஒன்றேனும் இல்லை; ஒன்று விட்டதையெல்லாம் மற்றொன்று கொள்கிறது. ஒரே விதி முற்றிலும் எதிரான இரு வரிசைகளை ஈன்றுள்ளது. இவற்றைப் பிரிப்பது பூச்சியத்தைப் பற்றிய முதல் தீர்மானம் ஒன்றேயாகும்.

அத்தீர்மானத்தை வரிசை செய்வதில்லை. விதியும் செய்வதில்லை. வெளியிலிருந்து ஒருவர் செய்தாதல் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும். தன்னைச் சுட்டுதல் வளர்ச்சியின் முறையாக இருக்கலாம். தோற்றத்தின் மூலமாக அஃது இருத்தல் இயலாது.

5. வடிவத்தின் வரலாறு

ஒவ்வோர் எண்ணுக்கும் ஒற்றை வகையாயின் 1 எனவும் இரட்டை வகையாயின் 0 எனவும் வரிசையாக எழுதினால் பின்வருவது கிடைக்கும்: 0110 1001 1001 0110. இது முடிவின்றித் தொடரும். ஒன்றைவிட்டொன்றாக இலக்கங்களை நீக்கி, 0ஆம், 2ஆம், 4ஆம் இடங்களில் உள்ளவற்றை மட்டும் படித்தால் மீண்டும் அதே தொடரே வரும். தூயே–மோர்ஸ் வரிசை என இது வழங்கப்படுகிறது.

இதன் கண்டுபிடிப்பு வரலாறு சிந்தனைக்குரியது. 1851இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் யூஜேன் புரூஏ, எண்களின் கூட்டங்களைச் சமமாகப் பகுக்கும் பிரச்சினையொன்றில் இவ்வமைப்பைப் பயன்படுத்தினார். 1906இலும் 1912இலும் நோர்வேயைச் சேர்ந்த அக்ஸல் தூயே, குறியீட்டுத் தொடர்களில் மீள்வரவைத் தவிர்ப்பது எவ்வாறு என்னும் வினாவிலிருந்து இதனை அடைந்தார். எந்தத் துண்டும் இதில் மும்முறை அடுத்தடுத்து வாராது என அவர் நிறுவினார். அவருடைய கட்டுரைகள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1921இல் அமெரிக்கரான மாஸ்டன் மோர்ஸ், வளைந்த பரப்புகளின் மீது செல்லும் பாதைகளைப் பற்றிய ஆய்வில் இதனை மீண்டும் கண்டார். 1929இல் ஒல்லாந்தைச் சேர்ந்த மக்ஸ் யூவே சதுரங்க ஆட்டத்திலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரே நகர்த்தல் தொடர் மும்முறை அடுத்தடுத்து வந்தால் ஆட்டம் சமநிலையில் முடியும் என்ற விதி மட்டும் இருப்பின், ஆட்டம் முடிவின்றி நீளக்கூடும் என அவர் காட்டினார். யூவே பின்னர் 1935 முதல் 1937 வரை உலகச் சதுரங்க வீரராகவும் விளங்கினார்.

வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு தேவைகளிலிருந்து, ஒருவர் வேலையை ஒருவர் அறியாமலே ஒரே வடிவத்தை அடைந்தமை இருவேறு உண்மைகளை ஒருங்கே உணர்த்துகிறது. வடிவத்துக்கு அதற்கேயுரிய புறநிலையான விதிகள் உள்ளன. தனிமனித மேதையின் விருப்பப்படி அவை மாறுவனவல்ல. அதேவேளை, அவ்வடிவத்தை நாடிச் செல்லும் வழி ஒவ்வொருவருக்கும் அவரவர் எதிர்கொண்ட பிரச்சினையாலேயே திறக்கப்பட்டது.

புரூஏயின் பிரச்சினையை எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். பெறுமதி 8, 7, 6 எனப் படிப்படியாகக் குறையும் எட்டு மீன்களை இருவர் மாறிமாறி எடுப்பதாகக் கொள்வோம். முதல்வன் 8, 6, 4, 2 என எடுத்து 20 பெறுவான். மற்றவன் 16 மட்டுமே பெறுவான். முறை சமமாயினும் பங்கு சமமன்று. மாறாக 0110 1001 என்னும் ஒழுங்கில் எடுத்தால், ஒருவனுக்கு 8, 5, 3, 2. மற்றவனுக்கு 7, 6, 4, 1. இருவர்க்கும் 18. முன்னர்க் கண்ட இரு வகை எண்களிலும் இச்சமநிலையைக் காணலாம். பதினைந்து வரையுள்ள ஒற்றை வகையின் கூட்டுத்தொகை 60, இரட்டை வகையினதும் 60. அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை இரண்டிலும் 620. கனங்களின் கூட்டுத்தொகை இரண்டிலும் 7200. ஆயின் இவ்வொழுங்கு முந்தி எடுப்பதால் வரும் ஆதாயத்தை மட்டுமே நீக்கவல்லது. வள்ளமும் வலையும் சம்மாட்டிக்கு உரியனவாயின், எடுக்கும் முறையை எவ்வளவு செம்மைப்படுத்தினும் பங்கு செம்மையாகாது. வடிவத்தின் ஆற்றலும் எல்லையும் ஓரிடத்திலேயே புலப்படுகின்றன.

துவிதக் குறியீட்டின் வரலாறும் இதற்கு மாறானதன்று. 1621இல் மறைந்த தோமஸ் ஹரியட்டின் கையெழுத்துப் பிரதிகளிலேயே அது காணப்படினும் அவை அச்சேறவில்லை. லைப்னிற்ஸ் 1697இல் எழுதிய கடிதமொன்றில் 1ஐக் கடவுளாகவும் 0வை இன்மையாகவும் கொண்டு, இன்மையிலிருந்து உலகு படைக்கப்பட்டதற்கு இக்குறியீடு சான்றெனக் கண்டார். ஒன்றுமின்மையிலிருந்து தானே தோன்றும் வடிவம் என்னும் கனவு, பிரதியைப் பற்றிய இக்காலக் கோட்பாடுகளுக்கு மிக முற்பட்டதென்பது இதனாற் பெறப்படும். 1937இல் குளோட் ஷனன் தம் பட்ட ஆய்வில், மின்சுற்றிலுள்ள ஆளிகளின் திறத்தலையும் மூடுதலையும் இரு பெறுமதித் தருக்கத்தாற் கையாளலாம் எனக் காட்டினார். இறையியலில் உலவிய 0வும் 1உம் தொழில்நுட்பத்தின் தளத்தில் அதன்பின்னரே வேரூன்றலாயின.

6. நிலைமறுப்பு என்னும் சோதனை

நம் தரப்பினர்க்கும் ஈண்டு ஒரு சோதனை உண்டு. தூயே–மோர்ஸ் வரிசையை மற்றொரு வகையாலும் அமைக்கலாம். 0 என எழுதுக. அதன் எதிரைப் பக்கத்தில் எழுத 01 ஆகும். இம்முழுமையின் எதிரைப் பக்கத்தில் எழுத 0110 ஆகும். அதன் எதிரைச் சேர்க்க 0110 1001 ஆகும். ஒவ்வொரு படியிலும் உள்ளது தன் மறுப்பை ஈன்று, அதனையும் உட்கொண்டு பெரிதாகிறது. இதோ இயங்கியலின் விதி எண்ணிலேயே நிறுவப்பட்டுவிட்டது என மார்க்சியர் சிலர் மகிழக்கூடும். எங்கெல்ஸ் 1878இல் வெளிவந்த டூரிங்குக்கு மறுப்பு நூலில், ஓர் அளவின் எதிர்க்கணியத்தைத் தன்னாலேயே பெருக்க முதலளவின் வர்க்கம் கிடைப்பதை நிலைமறுப்பின் நிலைமறுப்புக்கு உதாரணமாகக் காட்டியமை அவர்களுக்குத் துணையாக வரலாம்.

ஆயின் உதாரணம் நிறுவலன்று. இவ்வரிசையில் 0வின் மறுப்பு 1. 1இன் மறுப்பு மீண்டும் அதே 0. பண்பு மாற்றம் ஏதும் அங்கில்லை. சமூக வரலாற்றில் மறுப்பு என்பது முரண்பட்ட சக்திகளின் போராட்டத்தால் விளைவது. இங்கோ, எதிரை எழுதுக என்னும் கட்டளையால் விளைவது. உருவ ஒப்புமையைக் கொண்டு உள்ளடக்க ஒற்றுமையை முடிவு செய்தல், நாம் எவரை மறுக்கின்றோமோ அவருடைய முறையினையே கைக்கொள்வதாகும். வடிவவாதிக்கு எண் தன்னிறைவின் சான்றாக இருத்தல் தகாதெனின், நமக்கும் அது கோட்பாட்டின் சான்றாக இருத்தல் தகாது.

7. முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, தன்னைச் சுட்டும் வடிவங்கள் மெய்யாகவே உள்ளன. அவற்றின் உள்விதிகள் கறாரானவை. புற உலகை மட்டும் சுட்டிக்காட்டி அவ்விதிகளை விளக்கிவிட முடியாது. இலக்கிய வடிவத்தைச் சமூக நிலையின் நேரடி நிழலெனக் கொள்ளும் கொச்சைப் பொருள்முதல்வாதம் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். இரண்டாவது, அவ்விதிகளால் தம் தொடக்கத்தைத் தாமே நிர்ணயிக்க முடிவதில்லை. பூச்சியம் உள்ளேயா வெளியேயா என்பதை வெளியிலிருந்து தீர்மானித்த பின்னரே வரிசை வரிசையாகிறது. மூன்றாவது, தீர்மானிப்போரும், அவர்தம் கையிலுள்ள குறியீடும், அவர்களை அதனிடத்துச் செலுத்திய தேவையும் வரலாற்றுக்குரியன.

எனவே, பிரதி தன்னையே சுட்டுகிறது என ஒருவர் கூறுமிடத்து அதனை முற்றாக மறுக்க வேண்டியதில்லை. சுட்டட்டும். அதன் பூச்சியத்தை வைத்தவர் யார், எக்காலத்தில், எத்தேவைக்காக என்று கேட்பதே விமர்சகரின் கடமையாகும். அவ்வினாவுக்கு விடை தேடுவது பிரதிக்கு உள்ளிருந்து மட்டும் நிறைவேறக்கூடிய பணியன்று. நேர்பும் நிரைபும் நீங்கி நம் யாப்பு இருமையில் வந்து நிலைத்தமைக்கான காரணங்களை இந்நோக்கில் ஆராய்வது, தமிழ் மாணவரும் கணித மாணவரும் ஒருங்கமர்ந்து செய்யத்தக்க பயனுள்ள பணியாக அமையும்.